மணி கேட்டால் எழும்பும் கை

எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் ஓடுவது அவருடைய வேலை. வழியில் வரும் கோவில்களைக் கும்பிடுவது என்னுடைய வேலை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். திருகோணமலை டவுனுக்குள் ஒரு பால்மா பெட்டி வாங்கப் போய் வருவதற்குள் பிள்ளையார், அம்மன், முருகன், திரும்பவும் ஒரு பிள்ளையார் என்று வந்துவிடும். அவர் ஹாண்டிலிலிருந்து கையை எடுக்கவே மாட்டார்.

"நீர் எனக்கும் சேர்த்துக் கும்பிடும். ரெண்டு பேரும் கும்பிட்டா ஆர் ஹாண்டிலைப் பிடிக்கிறது?" என்பார்.

நான் பின்னால் ஒரு பக்கமாக இருந்துகொண்டு, இடது கையால் அவருடைய தோளைப் பிடித்தபடி, வலது கையை நெஞ்சில் வைப்பேன். ஹெல்மெட் போட்ட தலைக்குக் கை போகாது, அதனால் நெஞ்சோடு சரி. ஒரு கோவிலுக்கு இரண்டு தரம். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. இது மனதால் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கோபுரம் கண்ணில் பட்டால், மணி காதில் விழுந்தால், கை தானாக எழும்பும்.

அவருக்கு ஃப்ரிட்ஜ் திருத்துகிற தொழில். வீடுகளுக்கும் போவார், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கும் போவார். ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் காஸ் போத்தல், பின் சீற்றில் சாமான் பை. அந்த ஸ்கூட்டர் நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காளி கோவிலடியால் வந்துகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல இடது பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்து, "தாயே" என்றேன். அந்த நேரம் அர்ச்சனைத் தட்டோடு ஒரு பெண், கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, வீதிக்கு இறங்கினாள். அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"பிடியுங்கோ! பிரேக்கைப் பிடியுங்கோ!" என்று கத்தினேன்.

டயர் அவளுடைய சீலைக் கரையில் போய் நின்றது. தட்டிலிருந்த தேங்காய் உருண்டு நடு வீதிக்குப் போனது. அந்தப் பெண் எங்களை ஏசக்கூட இல்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கால வந்தவ?" என்று அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

அவள் எங்காலும் வரவில்லை. இடது பக்கத்துக் கரையில் எல்லோருக்கும் தெரிய நின்று, அங்கிருந்து இறங்கியவள்தான்.

கண் கிளினிக்கில் சொன்னார்கள், கண்ணுக்குள் அமுக்கம் கூடிப் பக்கப் பார்வை போய்விட்டது என்று. நேரே இருப்பது தெரியும், பக்கத்தால் வருவது தெரியாது. போனது திரும்பாது, மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், வாகனம் ஓட வேண்டாம் என்றார் டாக்குத்தர். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அடுத்த நாள் காலையில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிறதெல்லாம் எனக்கு நேரேதானே இருக்கு. அதைத் திருத்த ஏலும். அங்க போறதுக்கு என்ன செய்யிறது, சொல்லும்? திரீவீலுக்குக் குடுத்தா என்ன மிச்சம்?"

நான் வாசலில் குறுக்கே நின்றேன். எனக்கு எங்கிருந்து அந்தக் கதை வந்ததோ தெரியாது. "நான் ஓடுறன். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "சரி. நீர் லைசன் எடும். அண்டைக்கே ஸ்கூட்டர் திறப்பை உம்மட கையில தாறன். அதுவரைக்கும் என்னை மறிக்கக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு நாளும் வெளிக்கிடும்போது சாமி அறையில் விளக்கை ஏற்றிவிட்டு, அவர் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை குசினியில் ஒரு வேலையும் ஓடாமல் நிற்பேன்.

*

லேனர்ஸில் ஸ்கூட்டர் ஓடப் பழக்குகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஆள், எல்லோருக்கும் நானா. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பார். துறைமுகப் பக்கமாக ஒரு வெறுங்காணி. அதில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று கீறி வைத்திருப்பார். ஒரு கரையில் வாகை மரம், அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கோவிலின் கோபுரம். டவுன் முழுக்கத் திரிகிற மான்களில் நாலைந்து எப்போதும் மரத்தின் கீழ் படுத்திருக்கும்.

அங்கே போன முதல் நாளே எனக்கு முகம் விழுந்துவிட்டது. பழக வந்த மற்றவர்கள் எல்லாம் ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு வந்த பெட்டைகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கலியாணம் முடித்துப் போன மகள் விட்டுவிட்டுப் போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை எங்கே செருகுவது என்று தெரியாமல் நின்றேன். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து ஹெல்மெட்டுக்குள் வழிந்தது. வீதியால் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் எங்கள் தெருச் சனம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

முதலில் பிரேக் பழக்கினார். நேரே வேகமாக வந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல் நிற்பாட்ட வேண்டும். இடது கையில் பின் பிரேக், வலது கையில் முன் பிரேக். இரண்டையும் ஒன்றாக, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். நான் கோட்டைக் கண்ட பயத்தில் வலது கையை மட்டும் ஒரேயடியாக நெரித்தேன். முன் டயர் மணலில் சறுக்கி, நானாவின் ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மான்கள் எழும்பிப் பாய்ந்து ஓடின.

நானா ஓடி வந்து தூக்கிவிட்டார். முழங்கையில் இரத்தம்.

"நல்ல வேலை அக்கா. ஆறு மாசமா நான் கல் எறிஞ்சு விரட்டுறன், ஒரு மான் எழும்பல்ல. நீங்க ஒருக்கா விழுந்தீங்க, எல்லாம் போயிட்டு."

பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டில் தனியே இருந்து முழங்கைக்கு மஞ்சள் வைக்கும்போது, இந்த வயதில் மண்ணில் புரளுகிறேனே என்று கண் கலங்கியது.

பிரேக் ஒருவாறு சரி வந்தது. எட்டுத்தான் சரி வரவில்லை. எட்டுக்குள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும், கால் நிலத்தில் படக் கூடாது. வலது கையால் அக்ஸலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடியே, இடது கையால் பின் பிரேக்கை இலேசாக உரசிக்கொண்டு போனால்தான் வண்டி விழாமல் நிற்கும். அக்ஸலேட்டரை விட்டால் உடனே ஒரு பக்கம் சரியும்.

"நிலத்தப் பாக்காதீங்க அக்கா. எங்க போகப் போறீங்களோ அங்க பாருங்க. கண் போற இடத்துக்குத்தான் பைக்கும் போகும்" என்பார்.

கண் போகிற இடம்தான் என்னுடைய கரைச்சல். எட்டின் மேல் வளைவில் திரும்பும்போது நேரே கோபுரம் தெரியும். கோபுரம் தெரிந்தால் என் கை எழும்பும். அக்ஸலேட்டர் விடுபடும். கால் நிலத்தில் ஊன்றும். முதலில் நானாவுக்கு விளங்கவில்லை. "கைய ஏன் உடுறீங்க? கை வலிக்குதா?" என்றார். "ஓம், வலிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

*

ட்ரயல் நாள். மோட்டார் சைக்கிள் லைசனுக்கு வந்த சனம் அந்தக் காணிக் கரை நெடுக நின்றது. பரிசோதகர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் கதைப்பார், நல்ல மனுசன். வெயில் ஏறி, என் முறை வரும்போது மத்தியானமாகிவிட்டது. பிரேக் சரியாகப் பிடித்தேன், கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றேன். பிறகு எட்டுக்குள் இறங்கினேன். முதல் வளைவு போனது. கோபுரத்தைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அதுவும் போனது.

கடைசி வளைவில் மத்தியானப் பூசைக்கு மணி அடித்தது.

கை நெஞ்சில் இருந்தது. அது போனதே எனக்குத் தெரியாது. ஸ்கூட்டர் சரிந்ததும், இடது கால் நிலத்தில் ஊன்றியதும்தான் தெரியும்.

பரிசோதகர் கையை உயர்த்தினார். "அம்மா, கால் வெச்சது தானே. அடுத்த முறை பாப்பம்." பிறகு, அவருக்கு உண்மையாகவே விளங்காததால், "ஏன் கை எடுத்தது? எனக்கு டாட்டா காட்டினதா?" என்று கேட்டார்.

கரை நெடுக நின்ற சனம் முழுக்கச் சிரித்தது.

கோவில் மணிக்குக் கும்பிட்டேன் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பரிசோதகருடைய சட்டைக் கையால், விகாரையில் ஓதிக் கட்டுகிற பிரித் நூல் தெரிந்தது, அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால், அந்தச் சிரிப்புக்குள், சாமியின் பேரை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. பைத்தியக்காரி என்று நினைப்பார்களே என்று வெட்கம்.

"நுளம்பு கடிச்சது சேர்" என்றேன்.

"மத்தியானம் நுளம்பா?" என்று யாரோ ஒரு பெட்டை சொன்னாள். திரும்பவும் சிரிப்பு.

நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றேன். பிறந்த நாள் தொடங்கி அந்த மணிக்குக் கை எடுத்தவள். யார் கேட்டாலும் ஓம், நான் கும்பிடுகிறவள் என்று சொல்லத் தெரியாத ஒருத்தியாக நிற்கிறேனே என்று உடம்பு கூசியது.

வீட்டில் அவருக்கு உள்ளதைச் சொன்னேன், நுளம்பையும் சேர்த்து. முதலில் பெரிதாகச் சிரித்தார். பிறகு ஆணியில் கொழுவியிருந்த திறப்பை எடுத்துச் சேர்ட் பொக்கெற்றுக்குள் போட்டார்.

"நாளைக்கு நிலாவெளியில ஒரு குளிர் அறை பாக்கக் கிடக்கு" என்றார்.

மறிக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். மறிக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் இடது பக்கக் கண்ணாடி இல்லாமல் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவருடைய இடது கைவிரல் கணுக்களில் தோல் உரிந்திருந்தது.

"மதில் கிட்ட வந்திட்டுது" என்றார்.

நான் விரல்களைக் கழுவி மருந்து போட்டேன். மதில் வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என்னுடைய கை ஒரு மணிச் சத்தத்துக்கு அடங்கி இருந்திருந்தால் இந்த விரல் உரிந்திருக்காது. இன்று விரல். இனி என்னவோ, யாருடைய பிள்ளையோ.

அந்த வெள்ளிக்கிழமை காளி கோவிலுக்குப் போனேன். ஐயர் தந்த திருநீற்றை வாங்கிப் பூசினேன். அம்மனுடைய முகத்தைப் பார்க்க ஏலாமல் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் காட்டித் தந்தது நீதானே தாயே. உன்னைக் கும்பிடத் திரும்பியபடியால்தானே நான் அவர்களைக் கண்டேன். அப்படிப்பட்ட கையை அடக்கு என்றால் நான் எப்படி அடக்குவேன்? அதைத்தான் கேட்டேன். பதில் கேட்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. கேட்டுவிட்டு வந்தேன்.

*

நானாவிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அட, இதயா அக்கா கை வலிக்குதெண்டு சொன்னீங்க? நான் உங்களுக்கு வாதமெண்டு நினைச்சு வீட்ட பொஞ்சாதிக்கிட்டயும் சொல்லிட்டன். பாவம், அவ உங்களுக்கு எண்ணெய் காய்ச்சி வெச்சிருக்கா."

அதற்குமேல் நான் எங்கே முகத்தை வைப்பேன்?

"பைக்ல போகக்குள்ள பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா நீங்க என்ன செய்வீங்க நானா?" என்று கேட்டேன்.

"பாங்குக்குப் பதில் வாயால சொல்றதுதானே. வாய் சொல்லும், கை ஹாண்டில்ல கிடக்கும். உங்கட ஆக்களுக்குக் கைதான் முதல்ல போகுது, நான் என்ன செய்ய?" என்றார். "வாய் இருக்குதானே அக்கா உங்களுக்கும்."

வாயால் சொல்லிப் பார்த்தேன். வாயும் சொன்னது, கையும் எழும்பியது.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் என்னுடைய மனுசன். ஒரு பின்னேரம் ஸ்கூட்டரை முற்றத்தில் பெரிய ஸ்டாண்டில் நிற்பாட்டி, என்னை ஏறி இருக்கச் சொன்னார். ஹெல்மெட்டும் போடச் சொன்னார். உள்ளே போய்ச் சாமி அறையிலிருந்து பூசை மணியை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்தார்.

"என்னப்பா இது?"

"முன்னுக்குப் பாரும். ஹாண்டிலைப் பிடியும்."

மணியை அடித்தார். கை எழும்பியது. "பிடியும்!" என்றார். திரும்பவும் அடித்தார். திரும்பவும் எழும்பியது. "பிடியுமெண்டா!"

விளக்கு இல்லை, தீபம் இல்லை, பூ இல்லை. நான் ஒவ்வொரு நாளும் முழுகித் தொடுகிற மணியை அவர் எண்ணெய் பிசுக்குக் கையால் சும்மா அடிக்கிறார். அதைக் கேட்டும் கும்பிடாமல் இருக்க நான் பழகுகிறேன். நாய்க்குப் பழக்குவது போல இருந்தது என்று சொன்னால் பாவம். ஆனால் அப்படித்தான் இருந்தது.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. "என்ன பிள்ளை, இந்த நேரத்தில பூசை? ஹெல்மெட்டோட?"

"ட்ரயல் பாக்கிறம் அக்கா" என்றார் அவர், மணியை அடித்தபடியே. அவ தலையை இறக்கிக்கொண்டா. அடுத்த நாள் தண்ணிக் குழாயடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு பின்னேரமும் அது நடந்தது. அது முடிந்ததும் மணியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, விளக்கேற்றி, உண்மையான பூசையை ஒருக்காச் செய்வேன். அப்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவேன். மிச்சம் வைத்ததை எல்லாம் அங்கே கட்டுவது போல.

*

இரண்டாவது ட்ரயலுக்கும் மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். அதே பரிசோதகர். என்னைக் கண்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. "இன்னைக்கு நுளம்பு இல்லையா அம்மா?" என்று கேட்டார்.

"நுளம்பு இல்லை சேர். அண்டைக்கும் நுளம்பு இல்லை. கோவில் மணிக்குக் கும்பிட்டனான்" என்றேன்.

அவர் "சரி, சரி. போங்க" என்று கையைக் காட்டினார். பின்னால் யாராவது சிரித்தார்களோ தெரியாது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டுக்கு முன்னால் நின்றேன். எட்டுக்குள் இறங்கினேன். மணி அடிக்குமோ என்று ஒரு பயம், அடிக்காமல் விட்டால் தப்பினேன் என்று ஒரு நினைப்பு. அடித்தது. வலது தோள் ஒருக்காத் துடித்தது. விரல்கள் அக்ஸலேட்டரிலேயே கிடந்தன. "தாயே" என்று வாய் சொன்னது. வளைவைத் திரும்பி, கால் படாமல் வெளியே வந்து நின்றேன்.

"பாஸ்" என்றார் பரிசோதகர். நானா தூரத்தில் நின்று கையைத் தட்டினார்.

எனக்குச் சந்தோசம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மணி அடித்தும் எழும்பாத அந்தக் கையைக் குனிந்து பார்த்தபோது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

அன்றைக்கே அவர் திறப்பைத் தந்தார். சொன்ன சொல்லில் நிற்கிற மனுசன். உள்ளங்கையில் வைத்துவிட்டு விரல்களை மடித்து விட்டார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் நிலாவெளியில் வேலை. காஸ் போத்தல் என் காலடியில். அவர் பின்னால் ஏறி, சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ வருசமாக முன்னால் இருந்தவருக்குப் பின்னால் இருக்கத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தடவி, கடைசியில் என் தோளைப் பிடித்தார்.

"என்ர ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடும்" என்றார்.

"ஏன்? அதுக்குள்ளால உங்களுக்கு இன்னும் குறையத்தானே தெரியும்."

"எனக்குத் தெரிய வேண்டாம். சனத்துக்கு என்னைத் தெரியாமல் இருந்தாச் சரி."

மனுசி ஓட, ஆம்பிளை பின்னால் இருந்து போவதை எங்கள் சந்திக் கடையடியில் நிற்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். கறுத்தக் கண்ணாடியை நானே இறக்கி விட்டேன். அந்தக் கடையடியால் போகும்போது நானும் தலையை நிமிர்த்தவில்லை. அவர் என் முதுகோடு ஒடுங்கிக்கொண்டதை உணர்ந்தேன். எத்தனை கோவிலைக் கும்பிட்டு நான் காப்பாற்றிய மனுசன், இப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்.

நிலாவெளிக்குப் போக முன்னால், பழுதான ஒரு சாமானுக்கு மாற்று வாங்க டவுனுக்குள் போக வேண்டியிருந்தது. காளி கோவில் பக்கமாகத் திரும்பினேன்.

"கோவில் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"வந்தாச் சொல்லும்."

வேகத்தைக் குறைத்து, பின் பிரேக்கை இலேசாக உரசிக்கொண்டு, எட்டுக்குள் போவது போலப் போனேன். வீதிக் கரையை நன்றாகப் பார்த்தேன். ஒருவரும் இறங்கவில்லை.

"இடக்கைப் பக்கம். இப்ப" என்றேன்.

என் தோளிலிருந்து அவருடைய கை எழும்பியது. ஸ்கூட்டர் கொஞ்சம் ஆடியது. நான் ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். பழக்கமில்லாத மனுசன், நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஹெல்மெட் கண்ணாடியில் அடித்துவிட்டார். திரும்பவும் ஒரு "டொக்".

இரண்டு தரம்.

"மெல்ல. கண்ணாடி உடையப் போகுது" என்றேன்.

கை திரும்பி வந்து என் தோளில் இருந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஆரும் பாத்தவையோ?" என்று கேட்டார்.

பூ விற்கிறவர்கள், செருப்புப் பார்க்கிற ஆள், பூசைக்கு வந்த சனம், எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"ஒரு மான்தான் பாத்தது" என்றேன்.